உஷார்! ஓட்டையைப் பார்த்து மிரண்டு எடையைக் கோட்டை விடாதீர்கள்

"சீக்கிரமா எடுத்து ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்!"

கருவில் இருக்கும் குழந்தையின் டயாபிரத்தில் ஓட்டை இருக்கிறது, குடல் மார்புக்குள் ஏறிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்த அன்று அநேகமாக எல்லா வீடுகளிலும் கிளம்பும் முதல் பேச்சு இதுதான். பெற்ற மனசு அப்படித்தான் பதறும். ஆனால் உஷார்! இந்த நோயில் அந்தப் பதற்றமே குழந்தையின் உயிருக்கு உலை வைத்துவிடும். ஓட்டை எங்கும் ஓடிப்போகாது. குழந்தை பிறந்து சில நாள் கழித்துக்கூட அதைத் தைத்துக்கொள்ளலாம். தாயின் வயிற்றில் ஏறாமல் போன எடையைத்தான் எவ்வளவு பெரிய மருத்துவமனையாலும் நினைத்த நேரத்தில் ஏற்றித் தர முடியாது.

நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் தசைத் தடுப்புதான் டயாபிரம். பாடப்புத்தகத்தில் உதரவிதானம் என்று படித்திருப்பீர்கள். கர்ப்பத்தின் முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் இது முழுசாக மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு ஒரு பக்கம் மூடாமல் நின்றுவிடுகிறது. நூற்றில் 80, 85 பேருக்கு அது இடது பக்கம். அந்த வழியாகக் குடலும் இரைப்பையும் மண்ணீரலும், சில குழந்தைகளுக்குக் கல்லீரலும்கூட மேலே ஏறி, நுரையீரல் வளர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இதயம் எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது. பிராக் நகரத்து உடற்கூறு ஆசிரியர் பொக்டாலெக் 1848-லேயே இதை விவரித்துவிட்டார். அவர் பெயரில்தான் இன்றும் மருத்துவர்கள் இந்த வகையை அழைக்கிறார்கள்.

ஏறக்குறைய 3,000 பிரசவத்துக்கு ஒன்று என்பது உலகக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 300 குழந்தைகள். அபூர்வ நோய், நமக்கெல்லாம் வராது என்று தள்ளிவிடுகிற எண்ணிக்கையா இது?

போகிற போக்கில் ஒன்று. கிரகணத்தன்று வெளியே போனாள், பப்பாளி தின்றாள் என்று மருமகள் தலையில் பழியைப் போடாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்று மருத்துவத்தாலேயே சொல்ல முடிவதில்லை.

விஷயத்துக்கு வருவோம். இந்தக் குழந்தைகளைக் கொல்வது ஓட்டை அல்ல, சின்னதாகவே நின்றுவிட்ட நுரையீரல். அதிலுள்ள ரத்தக்குழாய்களும் எண்ணிக்கையில் குறைந்து, சுவர் தடித்து, இறுகிப்போயிருக்கும். பிறந்தவுடன் ரத்தம் நுரையீரலுக்குள் பாயாமல் முரண்டு பிடிக்கும்; இதயத்தின் வலது பக்கம் திணறும். ஓட்டையைத் தைத்த மறு நிமிடம் நுரையீரல் விரிந்து வளர்ந்துவிடப் போவதில்லை. அது வளர வாரங்கள் வேண்டும், மாதங்கள் வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குழந்தையின் உடம்பில் சரக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. 1946-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர், பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்கு இந்த ஓட்டையை வெற்றிகரமாகத் தைத்தார். அதற்குப் பின் சுமார் நாற்பது வருஷம் 'பிறந்தவுடன் தியேட்டருக்கு ஓடு' என்பதே விதியாக இருந்தது. நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தைத்த குழந்தைகள் சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுச் சரிந்தன. 1980-களின் நடுவில்தான் பார்வை மாறத் தொடங்கியது. முதலில் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் நிலைநிறுத்து, வென்டிலேட்டரை மென்மையாக ஓட்டு, நுரையீரல் அழுத்தம் தணிந்த பிறகு கத்தியை எடு என்றார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. மருத்துவர்கள் கைவிட்ட அந்த அவசரத்தைத்தான் நம் வீடுகள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

எடை சொல்லும் ஜாதகம்

இந்த நோய்க்கென்றே பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 1995 முதல் ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் விவரம் அதில் இருக்கிறது. அந்தக் குழு 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குழந்தை பிறந்த ஐந்து நிமிடத்துக்குள் கிடைக்கும் தகவலை மட்டும் வைத்து, அது பிழைக்குமா என்று கணிக்க முடியுமா என்பது கேள்வி. முடியும் என்றார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு: பிறப்பு எடை, ஐந்தாவது நிமிடத்தில் குழந்தையின் நிறம், துடிப்பு, மூச்சு, அசைவு பார்த்துப் போடும் ஆப்கார் மதிப்பெண். ஸ்கேன் கிடையாது, எக்கோ கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. தராசும் ஒரு நர்ஸின் கண்ணும் போதுமானதாக இருந்தன!

2014-ல் அதே பதிவேட்டிலிருந்து இன்னொரு கணிப்பு முறை வந்தது. நுரையீரல் ரத்த அழுத்தம், பெரிய இதயக் கோளாறு, குரோமோசோம் கோளாறு, ஆப்கார் மதிப்பெண் ஆகியவற்றோடு 1.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு எடையும் அதில் தனி ஆபத்துக் குறியாக உட்கார்ந்திருக்கிறது. இடையில் 2010-ல் வந்த ஆய்வு இன்னும் முகத்தில் அறைகிற மாதிரி இருந்தது. ஐயாயிரம் குழந்தைகளைப் பார்த்ததில், மாதம் நிறைந்து பிறந்தவர்களில் 73 சதவீதம் பிழைத்தார்கள். 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்களில் 54 சதவீதம்கூடத் தேறவில்லை. குறைமாதக் குழந்தைகளில் பலர் ஆபரேஷன் தியேட்டர் வரைக்குமே வந்து சேரவில்லை.

2.5 கிலோவுக்குக் கீழே என்றால் குறை எடை, 1.5 கிலோவுக்குக் கீழே மிகக் குறைந்த எடை, 1 கிலோவுக்குக் கீழே அதைவிட அபாயம். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், எடை பதிவான குழந்தைகளில் 18 சதவீதம் 2.5 கிலோவைத் தொடவில்லை. அதாவது பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கிற நாடு இது. டயாபிரத்தில் ஓட்டையும் சேர்ந்துகொண்டால் நிலைமையைக் கேட்கவா வேண்டும்?

எடை குறைந்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூச்சுக்குழாய்க்குள் போடும் டியூப் அளவில் சின்னதாகிறது. சின்ன டியூப் சளியில் அடைத்துக்கொள்ளும், வழுக்கி இடம் மாறும். ஏற்கெனவே சிறுத்த நுரையீரலோடு குறைமாதத்துப் பக்குவமின்மையும் சேர்ந்துகொள்கிறது. சூடு நிற்காது, உடம்பு குளிர்ந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இன்னும் இறுகும். சர்க்கரை இறங்கும். கிருமி சீக்கிரம் தொற்றும். தியேட்டருக்குப் போனால் சின்ன வயிற்றுக்குள் குடலையெல்லாம் இறக்கி வைக்க இடம் போதாமல், வயிற்றை உடனே மூட முடியாத நிலையும் வரலாம்.

கடைசி அஸ்திரமாக ஒன்று இருக்கிறது, எக்மோ. ஜெயலலிதா, எஸ்.பி.பி. சிகிச்சையின்போது தொலைக்காட்சியில் கேட்ட அதே கருவிதான். ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றி உள்ளே அனுப்பி, நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கும். ஆனால் பச்சிளங்குழந்தைக்கு இதைப் போடுவதற்குப் பொதுவாக 2 கிலோ எடையும் 34 வாரமும் கேட்கிறார்கள். அதற்குக் குறைந்தால் கழுத்து ரத்தக்குழாயில் டியூப் நுழைவதே சிரமம். போதாததற்கு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, பிஞ்சு மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கிவிடக்கூடும். பச்சிளங்குழந்தைகளுக்கு எக்மோ போடும் இடங்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அங்கே போய்ச் சேர்ந்தாலும் தராசு 1.7 என்று காட்டினால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் குழந்தை வாரத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் ஏறுகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'இரண்டு வாரம் முன்னாடி எடுத்தா என்ன?' என்ற கேள்விக்கு இனி என்னிடம் பொறுமையான பதில் கிடையாது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எடைக் குறைவு பாதி காரணம், பாதி அறிகுறி. இந்தக் குழந்தைகளில் சுமார் 40 சதவீதத்துக்கு வேறு கோளாறும் கூடவே இருக்கிறது. இதயத்தில் இருக்கலாம், குரோமோசோமில் இருக்கலாம். எடை ஏறாததற்கும் உயிர் போவதற்கும் அந்தக் கோளாறே மூலமாக இருக்கலாம். அதனால் எடை குறைகிறது என்றால் 'நல்லா சாப்பிடு' என்று சொல்லி நிறுத்திவிடாமல், கருவின் இதய எக்கோ பார்த்தாயிற்றா, பனிக்குட நீரை எடுத்து குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கருவின் எடையைக் கணிக்கும் சூத்திரத்தில் வயிற்றின் சுற்றளவு முக்கியப் பங்கு வகிக்கிறது. இந்தக் குழந்தைக்கோ வயிற்றில் இருக்க வேண்டியது மார்பில் இருக்கிறது. அதனால் வயிறு சிறுத்துத் தெரியும், எடையும் குறைவாக வந்து விழலாம். தலையும் தொடை எலும்பும் வாரத்துக்கு வாரம் சரியாக வளர்கின்றனவா, தொப்புள்கொடி ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரே ஓர் எண்ணை வைத்து வீட்டில் பஞ்சாயத்து கூட்டாதீர்கள்.

நோயே குறைமாதத்தை இழுத்து வரும்

மேலே ஏறிய குடலும் இரைப்பையும் நெருக்குவதால், கரு பனிக்குட நீரைச் சரியாக விழுங்கி உள்ளே அனுப்ப முடியாமல் போவதுண்டு. நீர் தேங்கிப் பெருகும். தாயின் வயிறு மாதத்துக்கு மீறி உப்பும், இறுகும், மூச்சு வாங்கும். கர்ப்பப்பை தாங்காமல் வலி முன்கூட்டியே வந்துவிடும், அல்லது பனிக்குடம் உடைந்துவிடும். 'இரட்டைப் பிள்ளையோ, இவ்வளவு பெரிய வயிறா இருக்கே' என்று பக்கத்து வீட்டில் சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். வயிறு அடிக்கடி கல் மாதிரி இறுகுகிறதா, துணி நனைகிறதா, இடுப்பில் விட்டுவிட்டு வலியா? அன்றே போங்கள். 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் நுரையீரல் பக்குவத்துக்கான ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைக்க வேண்டும். அது குறைமாதக் கோளாறுக்கு உதவும். நெருக்கத்தில் சிறுத்துப்போன நுரையீரலை அந்த ஊசி பெரிதாக்கிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கருவிலேயே செய்யும் சிகிச்சையில்கூட இந்த எடை விவகாரம் குறுக்கே வந்து நிற்கிறது. மிக மோசமாகச் சிறுத்த நுரையீரல் உள்ள கருவுக்கு, 27-லிருந்து 29 வாரத்துக்குள் தாயின் வயிற்றின் வழியே மெல்லிய கருவியை விட்டு, கருவின் மூச்சுக்குழாயில் ஒரு குட்டி பலூனை வைத்து அடைப்பார்கள். உள்ளே சுரக்கும் நீர் தேங்கி நுரையீரலை விரிக்கும். 34 வாரத்தில் பலூனை எடுப்பார்கள். பெல்ஜியத்தின் லூவென் நகரத்து மருத்துவர் யான் டெப்ரெஸ்ட் தலைமையில் பல நாடுகளில் நடந்த பரிசோதனையின் முடிவு 2021-ல் வந்தது. மோசமான நிலையில் இருந்த கருக்களில், பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பிழைத்து வீடு திரும்பினார்கள். வைக்காதவர்களில் 15 சதவீதம். பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் பலூன் வைத்த தாய்மார்களில் நால்வரில் மூவருக்குக் குறைமாதப் பிரசவம். ஓரளவே பாதிக்கப்பட்ட கருக்களுக்கு, அந்தக் குறைமாத நஷ்டத்தையும் கணக்கில் எடுத்தபின், பலூனால் நிச்சயமான லாபம் தெரியவில்லை. இணையத்தில் பலூன் வீடியோ பார்த்துவிட்டு 'எங்கே செய்கிறார்கள்' என்று அலைவதற்கு முன்னால் இந்தக் கணக்கை டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் வில்லன்கள்

இனி நம் கையில் இருப்பதைப் பேசலாம். 'அதிகமா சாப்பிட்டா புள்ள பெருசாயிடும், ஆபரேஷன் ஆயிடும்' என்று கடைசி மூன்று மாதம் கர்ப்பிணியின் தட்டைக் குறைக்கிற வழக்கம் இன்னும் சாகவில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரத்தசோகை குறை எடைக்கு ராஜபாட்டை. முட்டை, பருப்பு, நிலக்கடலை, கீரை, பால் என்று வீட்டில் கிடைப்பதே போதும், ஆனால் அது அவள் தட்டில் விழ வேண்டும். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் நஞ்சுக்கொடி வழியே போகும் ரத்தம் குறையும், கரு காயும். ஆகவே பிரஷர் பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. சர்க்கரை இருக்கிறவர்கள் மட்டும், எடை ஏற்றுகிறேன் என்று இனிப்பில் இறங்கிவிடாதீர்கள். வீட்டில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் தெருவுக்குப் போய்ப் பிடிக்கட்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன், விட்டுவிடட்டும்.

அடுத்த வில்லன், நல்ல நேரம். நட்சத்திரம் பார்த்து, ராகு காலம் தவிர்த்து, 36-வது வாரத்திலேயே சிசேரியனுக்கு நாள் குறிக்கிற கூத்து எங்கும் நடக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்கே அது அநியாயம், இந்தக் குழந்தைக்கோ அக்கிரமம். 37 வாரம் போதுமா, 39 வரை காத்திருக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. தக்க காரணம் இல்லாமல் 37-க்கு முன் எடுக்கலாமா என்பதில் வாக்குவாதமே கிடையாது. டயாபிரத்தில் ஓட்டை என்பதற்காக மட்டும் சிசேரியன் கட்டாயமும் இல்லை. ஆனால் தாய்க்கு அழுத்தம் எகிறிவிட்டது, கருவுக்கு ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வருகிறது, உடனே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அப்போது இந்தக் கட்டுரையைக் காட்டி மல்லுக்கு நிற்காதீர்கள். அது வேறு கணக்கு.

மூன்றாவதைச் சொன்னால் அம்மாக்களுக்குக் கோபம் வரும். ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. அழகான வழக்கம்தான். ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேனில் ஓட்டை தெரிந்த பிறகும், வென்டிலேட்டரோ குழந்தை அறுவை மருத்துவரோ இல்லாத ஊரில் 'நம்ம டாக்டரம்மா கைராசி' என்று போய் உட்காருவது தற்கொலைக்குச் சமம். தாயின் கர்ப்பப்பைதான் இந்தக் குழந்தைக்கு ஆகச்சிறந்த ஆம்புலன்ஸ். பிறந்த பிறகு 1.9 கிலோ குழந்தையை மூச்சுக்குழாய் டியூபோடு நூற்றைம்பது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, 34, 35-வது வாரத்திலேயே அந்த வசதியுள்ள நகரத்துக்குத் தாயைக் கொண்டுபோய் உறவினர் வீட்டில் தங்கவைப்பது ஆயிரம் மடங்கு மேல். வயிற்றில் நீர் அதிகம் என்றால் அதற்கும் முன்னாலேயே. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு, குழந்தை அறுவை சிகிச்சைத் துறை, பிரசவ அறை மூன்றும் ஒரே வளாகத்திலோ கூப்பிடு தூரத்திலோ இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும்.

'எங்க ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் செஞ்ச குழந்தைகள்ல பெரும்பாலும் பிழைச்சிடுது' என்று யாராவது சொன்னால், ஒரு துணைக் கேள்வி போடுங்கள்: ஆபரேஷனுக்கே வராமல் போன குழந்தைகளையும் சேர்த்துச் சொல்கிறீர்களா? அமெரிக்க மருத்துவர் மைக்கேல் ஹாரிசன் 1978-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். மிக மோசமான குழந்தைகள் பெரிய மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்துவிடுகின்றன, அந்த மரணங்கள் கணக்கில் ஏறுவதே இல்லை என்றார். 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 74 நாடுகளின் ஆய்வு, இந்த நோயும் உள்ளிட்ட ஏழு பிறவிக் குறைகளை எடுத்துக்கொண்டது. பணக்கார நாடுகளில் இறப்பு 5.6 சதவீதம், நடுத்தர வருமான நாடுகளில் 20.4, ஏழை நாடுகளில் 39.8. நோய்கள் அதேதான், பிறந்த இடம்தான் வேறு.

அழட்டும் என்று விடாதீர்கள்

பிறந்த குழந்தை ஓங்கி அழுதால் நமக்கெல்லாம் நிம்மதி. இந்தக் குழந்தைக்கு அந்த அழுகையே ஆபத்து. அழ அழக் காற்றை விழுங்கும். மார்புக்குள் இருக்கும் இரைப்பையும் குடலும் பலூன் போல உப்பும். மிச்சமிருக்கும் நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும். முகத்தில் மாஸ்க்கை வைத்து அம்பு பேக்கை அழுத்தினாலும் அதே கதிதான். காற்று நுரையீரலுக்கு மட்டுமா போகிறது, வயிற்றுக்கும் போகிறதே! அதனால்தான், முன்கூட்டியே நோய் தெரிந்த குழந்தைக்கு மூச்சு உதவி வேண்டியிருந்தால், மாஸ்க்கைத் தவிர்த்து நேராக மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, வாய்வழியே இரைப்பைக்கு ரைல்ஸ் டியூபும் விட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்யத் தெரிந்த கை பிரசவ அறையில் தயாராக இருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே 'டயாபிரம் ஓட்டை' என்று கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி டியூட்டிக்குப் புதிதாக வந்தவருக்கும் அது கண்ணில் பட வேண்டும்.

சேனை தொட்டு வைக்கிறேன், சர்க்கரைத் தண்ணீர் இரண்டு சொட்டு விடுகிறேன், தேன் தடவுகிறேன் என்று எந்தப் பாட்டியும் பக்கத்தில் வரக் கூடாது. எந்தக் குழந்தைக்குமே அது வேண்டாத வேலை. இந்தக் குழந்தைக்கு வாய் வழியே ஒரு சொட்டும் இறங்கக் கூடாது.

ஸ்கேனே எடுக்காமல், அல்லது ஸ்கேனில் பிடிபடாமல் பிறக்கிற குழந்தைகளும் உண்டு. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வதோடு, பிறந்த பிறகு கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் நெஞ்சு புடைத்தும் வயிறு உள்ளே ஒட்டியும் இருக்கிறதா? மூச்சு வேகமாக வாங்குகிறதா, உதடு நீலம் பாய்கிறதா? இதயத்துடிப்பு வலது பக்கம் கேட்கிறது என்று நர்ஸ் சொல்கிறாரா? உடனே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போவதென்றால் 108-ஐ அழைக்கும்போது பச்சிளங்குழந்தைக்கான ஆம்புலன்ஸ் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாடகைக் காரில் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். எடை குறைந்த குழந்தை வழியிலேயே சில்லிட்டுவிடும்.

ஆபரேஷன் முடிந்து வென்டிலேட்டரை எடுத்துவிட்டால் கண்டம் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிறீர்களா? எடைப் போராட்டம் அங்கேதான் இரண்டாவது சுற்றுக்கு வருகிறது. இந்தக் குழந்தைகள் மூச்சு விடுவதற்கே மற்றவர்களைவிட அதிக சக்தியைச் செலவழிக்கும். குடித்தது எதுக்களிக்கும். வாரக்கணக்கில் டியூபோடு கிடந்ததால் வாயில் எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கு டியூப் வழியே பால் கொடுக்க வேண்டிய குழந்தைகள் நிறைய உண்டு. அதற்காக வெட்கப்பட்டு, டியூபை எடுத்துவிடச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். தாய் முதல் நாளிலிருந்தே பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தை குடிக்கத் தயாராகும்போது பால் வற்றியிருக்கும். பால் போதவில்லை என்றால் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, கேளுங்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் ஏறவில்லை என்றால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

தைத்த டயாபிரம் மறுபடி விட்டுப்போவதும் உண்டு. ஓட்டை பெரிதாக இருந்து செயற்கைத் துணி வைத்துத் தைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூட நடக்கும். திடீரென்று விடாத வாந்தி, பச்சை நிறத்தில் வாந்தி, மூச்சிரைப்பு, காரணம் தெரியாத அழுகை இதில் எது வந்தாலும் 'பல் முளைக்கிறது, வாயுக் கோளாறு' என்று வசம்பு உரசிக்கொண்டிருக்காதீர்கள். நிமோனியா என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. டோக்கன் வரிசையில் உட்காராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், 'டயாபிரம் ஆபரேஷன் ஆன குழந்தை' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை வண்டியிலோ பையிலோ எப்போதும் வைத்திருங்கள், அதன் ஒரு படத்தை போனிலும்.